காம்பவுண்ட் லிஃப்ட்: பன்மூட்டுத் தூக்கல்

பாளையங்கோட்டையில் நான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு தம்பி மாஸ்டரிடம் கேட்டான்: "எட்டு மாசமா அதே காம்பவுண்டுதான் மாஸ்டர், சலிச்சுப் போச்சு. வேற வேரியேஷன் எதாவது போட்டுக் கொடுங்க." அவன் கேள்விக்குப் பதில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

காம்பவுண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுவர்தான். அது வேறு சொல். வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்தைக் குறிக்கும் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லே ஆங்கிலத்தில் அப்படி மருவியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்கு ஈடாகத் திருநெல்வேலிக்காரர்களிடம் 'வளவு' என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது.

ஜிம்மில் புழங்கும் காம்பவுண்ட், லத்தீன் வழி வந்தது. 'கொம்' என்றால் சேர்த்து, 'போனெரே' என்றால் வைத்தல். சேர்த்து வைத்தல் என்ற அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டரும் இந்தக் குடும்பம்தான்.

சரி, ஜிம்மில் எதை எதோடு சேர்க்கிறார்கள்? பலர் தசை என்று நினைக்கிறார்கள். கணக்கு மூட்டைப் பொறுத்தது. ஒரே அசைவில் இரண்டோ அதற்கு மேலோ மூட்டுகள் வேலை செய்தால் அது காம்பவுண்ட். எடை மாட்டிய இரும்புக் கம்பியை முதுகின் மேல் சுமந்து குந்தி எழும் ஸ்குவாட்டில் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து மடங்கி நிமிர்கின்றன. மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் தோளும் முழங்கையும். கையை மடக்கி எடையைத் தூக்கும் பைசெப்ஸ் கர்லில் முழங்கை மட்டும்தான், அதனால் அது ஐசோலேஷன், அதாவது தனித்துப் பிரித்தல்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கூட்டு' என்ற சொல் உடனே வந்து நிற்கும். கூட்டு வட்டி, கூட்டு வாக்கியம், கூட்டுப் பெருங்காயம் என்று காம்பவுண்டுக்கு அது பழகிய சொல்தான். ஆனால் 'கூட்டுத் தூக்கு' என்றால், கூட்டுப் பிரார்த்தனை மாதிரி நாலு பேர் சேர்ந்து தூக்குவதாகப் பொருள் போய்விடுகிறது. போதாததற்கு, தனித்து நிற்கும் 'தூக்கு' தூக்குமரத்தை நினைவூட்டுகிறது. அதனால் 'பன்மூட்டுத் தூக்கல்' என்பதே சரி என்பது என் முடிவு. எதிர்ச்சொல்லும் எளிதாகக் கிடைக்கிறது: ஒருமூட்டுப் பயிற்சி.

பன்மூட்டுத் தூக்கலுக்கு நம் பக்கத்திலேயே பழைய சான்று உண்டு, இளவட்டக்கல். இளவட்டம் என்றால் வாலிபன். இந்தக் கல்லைத் தூக்குபவனுக்குத்தான் பெண் என்ற வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள், அதனால் கல்யாணக்கல் என்றும் பெயர். பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இன்றும் போட்டி நடக்கிறது. அங்கே நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு, பெண்களும் தூக்குகிறார்கள். குத்தவைத்து, உருண்டைக் கல்லை இரண்டு கையாலும் அணைத்துத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். கணுக்காலிலிருந்து முழங்கை வரை சும்மா இருக்கும் மூட்டு ஒன்றுகூடக் கிடையாது. பிடிமானமே இல்லாத வழவழப்பான கல் அது. இரும்புக் கம்பி இதற்கு முன்னால் எவ்வளவோ இரக்கமுள்ளது.

இனி அந்தத் தம்பி கேட்ட 'வேரியேஷன்'. வேறுபாடு என்று எழுதினால் பொருந்தாது, 'மாற்று வடிவம்' எனலாம். இதன் உட்பொருளைச் சொல்ல நம் சங்கீதத்தில் இன்னும் நல்ல சொல் இருக்கிறது: சங்கதி. பல்லவியின் அதே வரி, அதே தாளம். ஆனால் ஒவ்வொரு முறை பாடும்போதும் ஓரிடத்தில் மட்டும் ஒரு நெளிவு கூடுகிறது. பளு தூக்குவதிலும் அப்படித்தான். தூக்கல் அதேதான், மூட்டுகளின் பங்கு மாறுகிறது.

கம்பியை முதுகிலிருந்து முன்தோளுக்கு மாற்றினால் ஃபிரண்ட் ஸ்குவாட். உடல் நிமிர்ந்து நிற்க வேண்டியிருப்பதால் முழங்காலின் பங்கு கூடி, முன்தொடைக்கு வேலை அதிகமாகிறது. தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து தூக்குவது டெட்லிஃப்ட். அதில் முழங்காலை லேசாக மட்டும் மடக்கி, இடுப்பை நன்றாகப் பின்னால் தள்ளி இறக்கினால் ருமேனியன் டெட்லிஃப்ட். இதில் இடுப்பு மூட்டுக்குத்தான் பெரிய பங்கு, பின்தொடை நன்றாக இழுபடும். ருமேனியப் பளுதூக்கும் வீரர் நிக்கு விளாட் செய்ததைப் பார்த்து அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது. பெஞ்ச் பிரஸ்ஸில் பிடியைக் குறுக்கினால் முழங்கை கூடுதலாக உழைக்கும்.

வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாற்று வடிவத்தைக் குறைந்தது நாலு வாரம் விடாமல் செய்தால்தான் எடை ஏறுகிறதா என்று தெரியும். சலிப்பு தட்டியவுடன் ஐந்தாறு ஒருமூட்டுப் பயிற்சிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் பாருங்கள், அது இன்னும் வருத்தம். அவை துணைக்கு இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாற்றத்தை முதலில் பன்மூட்டுத் தூக்கலுக்குள்ளேயே தேட வேண்டும்.

மாஸ்டர் அந்தத் தம்பியின் பயிற்சி அட்டையில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, ஸ்குவாட் இருந்த இடத்தில் ஃபிரண்ட் ஸ்குவாட் என்று எழுதினார். அட்டையில் இருந்த மற்ற மூன்று தூக்கல்களும் அப்படியே இருக்கின்றன.