ஐந்தாம் நாள் கரு

நான் பினாங்கில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் வேலை செய்பவள். போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் ஒரு தம்பதி வந்தார்கள். ஐவிஎஃப்பில், அதாவது உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவாக்கும் முறையில், பிறந்த அவர்களுடைய இரட்டையருக்கு மூன்று வயது. எங்கள் நைட்ரஜன் தொட்டியில் இன்னும் நான்கு கருக்கள் உறைந்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

"எங்கப்பாவுக்கு பார்க்கின்சன், கை நடுங்கும் நரம்பு நோய். ஸ்டெம் செல்லில் குணமாகிவிடுமாமே, ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் கணவர். மனைவி குறுக்கிட்டார்: "அக்கா, அது பிள்ளையைக் கொல்வது இல்லையா?"

இரண்டுமே அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் தயாரான பேச்சு. வாட்ஸ்அப் ஏறி என் மேசைக்கு வந்துவிட்டது.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். மனிதக் கருவிலிருந்து அதை முதலில் எடுத்து வளர்த்தது 1998-இல், அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சனின் குழு. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், ஏற்கெனவே இருக்கும் செல் வரிசைகளுக்கு (கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கும் செல்களுக்கு) மட்டும்தான் அரசுப் பணம் என்றார். அறுபதுக்கு மேல் இருப்பதாகவும் சொன்னார். ஆய்வாளர்கள் கைக்கு வந்தவை சுமார் 21. 2006-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதாவை நிராகரித்தபோது, தத்தெடுத்த உறைகருக்களிலிருந்து பிறந்த குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் படத்துக்கு முன்னால் எந்த வாதம் எடுபடும்? எதிரணியும் சளைக்கவில்லை. தங்கள் வேட்பாளர் கெர்ரி அதிபரானால், விபத்தில் முடங்கிப்போன 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் போன்றவர்கள் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடப்பார்கள் என்று 2004-இல் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ் பேசினார். எனக்கு இதுதான் கூடுதல் எரிச்சல். படுத்துக் கிடப்பவரின் ஆசையைக் காட்டி ஓட்டுக் கேட்பது.

சரி, தொட்டியில் இருப்பது என்ன? நூறு, இருநூறு செல்கள். கண்ணுக்கு ஒரு தூசி. கை கால் கிடையாது, நரம்பு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் செல் கொத்தை எடுத்தால் அந்தக் கரு மிஞ்சாது. இதை மழுப்பக் கூடாது.

நம் மொழியில் இன்னொரு சிக்கல். ஐந்து நாளும் கரு, ஐந்து மாதமும் கரு, கலைப்பதும் கரு. மலாய்க்காரத் தோழி 'எம்பிரியோ' என்னும்போது அசையாத வந்தவர்களின் முகம், நான் 'கரு' என்றதும் மாறிவிடும். இப்போதெல்லாம் 'ஐந்தாம் நாள் கரு' என்றே சொல்லி, திரையில் படத்தையும் காட்டுகிறேன்.

இங்கே மலேசியாவில் 2005-இல், இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தேசிய ஃபத்வா மன்றம், கணவன் மனைவி சம்மதித்தால் எஞ்சிய கருக்களை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்றது. அது முஸ்லிம்களுக்கான தீர்ப்பு. ஆனால் அந்தச் சம்மதம் என்ற நிபந்தனையை நான் எல்லோரிடமும் பிடித்துக்கொள்வேன். ஒருவர் தலையாட்ட இன்னொருவர் கையெழுத்திடுவது சம்மதம் இல்லை.

அப்புறம் பார்க்கின்சன். கரு ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பு செல்களை 12 நோயாளிகளின் மூளையில் வைத்த சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. முதலில் பார்த்தது பாதுகாப்பானதா என்பதைத்தான், அதில் தேறியது. நோய் தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. அழகுக்கும் மூட்டுவலிக்கும் விளம்பரமாகும் 'ஸ்டெம் செல் ஊசி' வேறு கதை. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தசோகைக்கும் நாம் பல காலமாகச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், ஆனால் அதற்குக் கருவே தேவையில்லை.

கணவர் ஆராய்ச்சிக்கான சம்மதப் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மனைவி கருக்களை உறைநிலையில் வைத்திருக்க ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டினார். கட்டிவிட்டு, இந்த நான்கில் எது இரட்டையருடன் ஒரே நாளில் உருவானது என்று கேட்டார்.

நான்கும்தான் என்றேன்.