சைபர்: பூஜ்யத்திலிருந்து பாட்டுச்சுழி வரை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பாவுக்குச் சைபர் என்றால் பூஜ்யம். அவர் தலைமுறையில் கணக்கில் கோட்டைவிட்ட பையனைச் 'சைபர் வாங்கினான்' என்றுதான் சொல்வார்கள். அவருடைய பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏற்காட்டில் சைபர் இருக்கிறது தாத்தா, போய்விட்டு வருகிறேன்" என்று கிளம்பியபோது திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். செய்தித்தாளில் வரும் சைபர் கிரைமோ என்று அவருக்குப் பயம்.

அந்தச் சைபரை முதலில் ஒதுக்கிவிடலாம். அது கப்பலில் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் எழுதும்போது ஒன்றுபோலத் தெரிகிறதே தவிர, உறவு கிடையாது. பேரன் சொன்னது ராப் பாடகர்கள் கூடும் வட்டம். அதுவும் பெரியப்பா அறிந்த பூஜ்யமும்தான் ஒரே சொல்.

அதன் பயணம் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. வடமொழியின் 'சூன்ய' என்பதை அரபியர் 'ஸிஃப்ர்', அதாவது வெறுமை, என்று தங்கள் மொழியில் சொன்னார்கள். 1202-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி அதை லத்தீனில் 'ஸெஃபிரம்' என்று எழுதினார். 'ஜீரோ' அதிலிருந்து வந்தது. அதே அரபுச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் 'சைஃபர்' ஆனது. எழுத்துக்குப் பதிலாக எண்ணை வைத்து ரகசியக் கடிதம் எழுதும் வழக்கம் இருந்ததால், மறைகுறி என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது.

ராப் பாட்டுக்குள் அது வந்த கதை வேறு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1964-இல் 'ஐந்து விழுக்காட்டினர்' என்ற கறுப்பின மக்களின் இயக்கம் தோன்றியது. எண்ணுக்கும் எழுத்துக்கும் தனிப்பொருள் வைத்துப் பேசுவது அவர்கள் வழக்கம். பூஜ்யம் அவர்களுக்குச் சைஃபர், 360 பாகை கொண்ட முழுவட்டம். ரக்கிம், வூ-டாங் கிளான் குழு போன்ற ராப் கலைஞர்களின் பாடல்களில் இந்தச் சொற்கள் நிறைய வரும். இளைஞர்கள் வட்டமாக நின்று, முறைவைத்து, அப்போதே வரி கட்டிப் பாடும் கூட்டத்துக்கும் அதுவே பெயரானது.

பேரனோடு நானும் மலையேறினேன். ஏற்காடு ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றார்கள். ஒருவன் வாயாலேயே தாளம் கொடுத்தான். பேரனின் முறை வந்தது:

"நூற்றிருபது அடி எழுதியும் நிரம்பவில்லை நான்."

வட்டம் முழுவதும் ஆர்ப்பரித்தது. எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அடி என்றால் பாட்டின் வரி. நீளத்தின் அளவும் அடிதான். நூற்றிருபது அடி மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம். அணையே நிரம்பிவிடும் அளவுக்கு எழுதியும் நான் நிரம்பவில்லை என்கிறான்! மேட்டூர் என்ற பெயரைச் சொல்லவே இல்லை. இதே எண்ணை ஐந்து விழுக்காட்டினரின் சொற்கள் புழங்கும் நியூயார்க் பாட்டில் கேட்டால், அவர்கள் மனப்பாடம் செய்யும் நூற்றிருபது பாடங்கள் நினைவுக்கு வரும். மறைபொருளைத் தேடுகிறவர் அகராதியோடு பாடகனின் ஊரையும் புரட்ட வேண்டும்.

இந்த வரியை மொத்தமாகச் சிலேடை என்று சொல்லிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. 'அடி' சிலேடை, ஒரே சொல் இரு பொருளில் நிற்கிறது. 'நூற்றிருபது' சிலேடையல்ல, குறிப்பு. தமக்குள் மட்டும் புரியும்படி ஒரு கூட்டத்தார் வைத்துக்கொள்ளும் பெயருக்கு நன்னூல் தரும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். ராப் பாடகர்களின் சங்கேதச் சொற்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் காணவில்லை.

எண்ணுக்குள் எழுத்தை ஒளிப்பதும் நமக்குப் புதிதல்ல. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்குகிறது. தமிழ் எண்ணில் எட்டுக்குக் குறி 'அ', காலுக்குக் குறி 'வ'. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே! 'அடி' என்று முடியும் விடுகதையைச் சொல்லிச் சீண்டியவருக்கு, 'அடா' போட்டுத் திருப்பிக் கொடுத்த பதிலடி அது. எதிரில் நிற்பவரை வரியால் வீழ்த்தும் போட்டி ராப்புக்கு இதற்கு மேல் என்ன உறவு வேண்டும்?

சரி, வட்டத்துக்கு என்ன பெயர்? 'பாட்டு வட்டம்' என்றால் புரியும், ஆனால் பூஜ்யம் நழுவிவிடுகிறது. நான் 'பாட்டுச்சுழி' என்பேன். ஆற்றில் சுழல்வதும் சுழி, மூன்று சுழி 'ண'வில் வளைவதும் சுழி, பூஜ்யமும் சுழி. ஒருவன் நடுவே இறங்க, மற்றவர்கள் சூழ்ந்து நிற்கும் காட்சியும் அதில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் பெரியப்பாவுக்கு அந்த வரியைச் சொல்லி விளக்கினேன். இப்போதெல்லாம் பேரன் மலையிலிருந்து இறங்கி வந்தால், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வி: "இன்றைக்கு எத்தனை அடி?"