ஹேங்க் ஜிப்பை ரோலர் ஃபர்லருக்கு மாற்றுகிறீர்களா? லஃப் டேப் தைத்தால் மட்டும் போதாது

பாய்மரப் படகின் முன்பாயைச் (ஜிப்) சுருட்டி வைக்கும் ரோலர் ஃபர்லர் வாங்கிப் பொருத்தியவர்கள் அடுத்துக் கேட்பது, “இருக்கிற ஜெனோவாவில் ஹேங்க்குகளைக் கழற்றிவிட்டு லஃப் டேப் தைத்துக் கொடுங்கள்” என்றுதான். ஜெனோவா என்பது பெரிய ஜிப்; ஹேங்க் என்பது பாயை முன்கம்பியில் மாட்டும் கொக்கி; லஃப் என்பது பாயின் முன்விளிம்பு, அதில் தைக்கும் நாடாதான் லஃப் டேப். கொடுக்கலாம். ஆனால் டேப் தைப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை. அளவெடுக்காமல் டேப்பை மட்டும் தைத்தால், பாய்மரத்தை முன்னாலிருந்து தாங்கி நிற்கும் கம்பியான ஃபோர்ஸ்டேக்கே ஆபத்து.

முதலில் அந்தப் பாய்க்குச் செலவு செய்வது தகுமா என்று பாருங்கள். தையலை நகத்தால் சுரண்டும்போது நூல் பொடியாக உதிர்ந்தால், வெயில் அதைத் தின்றுவிட்டது, மறுதையல் போட்டுக்கொள்ளலாம். துணியே பின்விளிம்பில் கையோடு கிழிந்து வந்தால் விட்டுவிடுங்கள். கிடைமட்டமாகப் பேட்டன் (துணியை விறைப்பாக்கும் சட்டம்) வைத்த ஜிப் சுருளாது. பேட்டனை எடுத்துவிட்டு, பின்விளிம்பை உள்வளைவாக வெட்டியாக வேண்டும்.

அளவு எடுப்பதுதான் உயிர்நாடி. ஹால்யார்ட் (பாயை ஏற்றும் கயிறு) கட்டும் சுழலியில் அளவு நாடாவைக் கட்டி உச்சிவரை ஏற்றுங்கள். சுழலி ஃபாயிலை (ஃபோர்ஸ்டேயைச் சூழ்ந்து நிற்கும் பள்ளமுள்ள குழாய்) விட்டு மேலே போய்விடக் கூடாது. அங்கிருந்து கீழே, டிரம்மில் (ஃபர்லிங் கயிறு சுற்றும் உருளை) பாயின் டாக்கை (முன்கீழ் முனை) மாட்டும் ஷேக்கிள் வரை உள்ள தூரம்தான் மொத்த இடம். பாய்த்துணி இழுபடும் என்பதால், 10 மீட்டர் லஃப்புக்கு 10 செ.மீ.யாவது கழித்துக்கொள்ளுங்கள். டிரம் வந்ததால் டாக் பழைய இடத்தைவிட 15 முதல் 30 செ.மீ. மேலே ஏறியிருக்கும். முழு அளவு ஜெனோவா பெரும்பாலும் நீளமாகிப்போவது இதனால்தான். அதைத் தலைமுனையில் வெட்டிக் குறைப்பது நல்லது. அங்கே பாய் குறுகலாக இருப்பதால் பரப்பு அதிகம் போகாது, தலைமுனையை வலுவாக்கும் ஒட்டுத்துணிகளை மட்டும் புதிதாக வைக்க வேண்டியிருக்கும்.

பாயை அளக்கும்முன் லஃப்புக்குள் இருக்கும் கம்பியையோ கயிற்றையோ உருவிவிடுங்கள். அது துணியைச் சுருக்கிப் பிடித்திருக்கும். எடுத்தபின் லஃப் நீளும். உருவாமல் எடுத்த அளவு பொய்யான அளவு.

பாய் குட்டையாக இருந்தால்தான் பெரிய ஆபத்து. சுழலியின் கீழ்ப்பாதி ஃபாயிலோடு சுற்றும்; மேல்பாதியை ஹால்யார்ட் பிடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். அதற்கு ஹால்யார்ட் ஃபோர்ஸ்டேயிலிருந்து 8 முதல் 10 டிகிரி விலகிப் போக வேண்டும். சுழலி உச்சிக்குக் கீழேயே நின்றுவிட்டால் ஹால்யார்ட் ஃபாயிலை ஒட்டியே போகும், சுருட்டும்போது அதுவும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். டிரம் இறுகி நிற்கும். அந்த நேரத்தில் ஃபர்லிங் கயிற்றை வின்ச்சில் போட்டு இழுத்தால் ஃபாயில் நசுங்கும், ஃபோர்ஸ்டேயின் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறும். இறுகினால் நிறுத்துங்கள், மேலே பாருங்கள், வின்ச்சைத் தொடாதீர்கள். குட்டைப் பாய்க்குத் தீர்வு தலைமுனையில் ஒரு பெண்டன்ட் (நீட்டிப்புத் துண்டு). குறையும் நீளத்துக்குச் சரியாகக் கம்பியிலோ டைனீமாக் கயிற்றிலோ செய்து, பாயோடு நிரந்தரமாகத் தைத்துவிடுங்கள். தனியாக வைத்தால் அடுத்தமுறை பாய் ஏற்றுகிறவர் அதை மாட்ட மறந்துவிடுவார்.

டேப்பின் ஓரத்தில் ஃபாயில் பள்ளத்துக்குள் ஓடும் மணிக்கயிறு பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. பருமன். ஒரு சாண் துண்டு வாங்கி ஃபாயில் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். பருமன் கூடினால் பாய் பாதியில் சிக்கும். குறைந்தால் காற்றில் பிதுங்கி வெளியே வரும். பாயிலும் டேப்பிலும் 50 செ.மீ.க்கு ஒரு பென்சில் குறி போட்டு, இரண்டையும் பொருத்தி, இருபக்க ஒட்டுநாடாவால் பிடித்தபின் ஜிக்ஜாக் தையல் இரண்டு வரிசை ஓட்டுங்கள். குறி இல்லாமல் தைத்தால் துணி நகர்ந்து லஃப் முழுக்கக் கொசுவம் விழும். முன்விளிம்பை வெட்டும்போது பழைய வளைவை அப்படியே காப்பாற்றுங்கள். அதை நேர்கோடாக்கினால் பாயின் வயிறு தட்டையாகிவிடும்.

பலர் தவறவிடும் இடம் டாக் முனை. டிரம்மில் ஷேக்கிள் ஃபாயிலுக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். எவ்வளவு என்று உங்கள் ஃபர்லரில் அளந்து, டாக் வளையத்தை அதே அளவு பின்தள்ளி வையுங்கள். இல்லையென்றால் இழுவை முழுவதும் ஃபீடர் (டேப் ஃபாயிலுக்குள் நுழையும் வாய்) அருகே டேப்பின்மேல் விழுந்து அங்கிருந்து கிழியும். அந்த முனையில் துணி பல அடுக்காக இருக்கும், வீட்டுத் தையல் மெஷின் ஊசி இறங்காது. துளையிட்டு மெழுகு நூலால் கையில் தையுங்கள்.

சுருட்டி வைத்த பாய் நாள் முழுக்க வெயிலில் நிற்கும். பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் 45 முதல் 60 செ.மீ. அகல அக்ரிலிக் பட்டை அவசியம். எந்தப் பக்கம் என்பதை டிரம் சுற்றும் திசை முடிவு செய்யும். பாயைத் தற்காலிகமாக ஏற்றிச் சுருட்டி, வெளியே தெரியும் பக்கத்தில் சாக்பீஸால் குறியுங்கள்.

டாக்கோடு க்ளூவும் (பின்கீழ் முனை) உயர்ந்துவிடுவதால் ஷீட் காரைச் (க்ளூவின் இழுகயிறு செல்லும் நகரும் கப்பி) சற்றுப் பின்னால் நகர்த்த வேண்டும். புயல் ஜிப்பைப் (பலத்த காற்றுக்கான சிறிய முன்பாய்) பற்றியும் இப்போதே யோசியுங்கள். ஃபாயில் வந்தபின் ஹேங்க்குகளை மாட்ட ஃபோர்ஸ்டே வெளியே இருக்காது. பாதிக்குமேல் சுருட்டிய ஜெனோவா பருத்து, வடிவம் கெட்டு, காற்றை எதிர்த்து ஏறாது. புயல் ஜிப்பின் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஃபோர்ஸ்டேக்குப் பின்னால் கழற்றி மாட்டக்கூடிய உள் ஸ்டே (கம்பி) ஒன்று அமைத்து, புயல் ஜிப்பின் ஹேங்க்குகளை அப்படியே விட்டுவையுங்கள்.