கோ-டிசைன்: தமிழில் உடன்வடிவமைப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு, ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள நோயாளிகளைப் பழக்கும் சிகிச்சை, படிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். போன மாதம் அவள் கொண்டுவந்த சொல் கோ-டிசைன். "வீட்ல ஆயாவுக்கு நான் என்ன படிக்கிறேன்னு சொல்லணும் சார், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். சக்கர நாற்காலி, காதுக் கருவி, கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் போன்ற துணைக்கருவிகளை உருவாக்கும்போது, அவற்றைப் பயன்படுத்தப் போகும் மாற்றுத்திறனாளிகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்வது என்று நீட்டிச் சொன்னேன். பொருள் சரிதான். ஆனால் அவள் கேட்டது ஒரு சொல்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெரியம்மாவின் நாற்காலிதான் மனதில் ஓடியது.

சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்த பிறகு பெரியம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். 1960-களில், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் இந்தியர்களைக் கொண்டுவந்து குடிவைத்த வீடுகள் பலவும் சாலைக்கு மேலேயோ கீழேயோ சரிவில் நிற்கின்றன. எங்கள் வீட்டுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். நாற்காலி கழிப்பறைக் கதவுக்குள் நுழையாது. டர்பன் புழுக்கத்தில் கை வியர்த்தால், சக்கரத்தைத் தள்ளும் இரும்பு வளையம் வழுக்கும். பெரியம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டச் சொல்லி, அந்த வளையத்தின்மேல் இறுக்கிச் சுற்ற வைத்தார். நான் சுற்றச் சுற்ற, அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இங்க முடிச்சு வராமப் பாரு தம்பி, கைய அறுக்கும்" என்று திருத்திக்கொண்டே இருந்தார். மூன்று தடவை அவிழ்த்துச் சுற்றினோம். நாலாவது தடவை வழுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து ஒருவர் படிவத்தோடு வந்து, நாற்காலி திருப்தியா என்று கேட்டார். ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். ட்யூபைப் பற்றி எழுத இடமில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். டிசைன் என்பதன் வேர் லத்தீன். 'சிக்னும்' என்றால் குறி. அதிலிருந்து வந்த 'தெசிக்னாரே', குறியிட்டுக் காட்டுவது. முன்னால் நிற்கும் 'கோ'வும் லத்தீன்தான், 'கூட' என்று பொருள். கோடு போடும் கையோடு இன்னொரு கையும் சேர்கிறது. இந்த வழக்கம் வேர்பிடித்த இடங்களில் முக்கியமானது ஸ்காண்டிநேவியத் தொழிற்சங்கங்கள். 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம், கிறிஸ்டன் நைகார்ட் என்ற கணினி அறிஞரோடு சேர்ந்து வேலை செய்தது. தொழிற்சாலைக்குக் கணினி வருகிறது என்றால், அது எப்படி வர வேண்டும் என்பதில் அங்கே உழைப்பவருக்கும் சொல்ல உரிமை வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1860-இல் தொடங்கி, டர்பன் இருக்கும் நாட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளான நமக்கு, உழைப்பவரைக் கேட்காமல் வேலை முடிவாவது எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சொல் புதிது. காரியம் பழையது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளிக்கு ஷார்ல் பார்பியே கொண்டுவந்த எழுத்துமுறையில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. பார்வையுள்ளவர் யோசித்தது. விரல்நுனி ஒரே தொடுகையில் அத்தனையையும் உணர முடியாது. அங்கே படித்துக்கொண்டிருந்த, பார்வையற்ற லூயி பிரெய்ல் அதை ஆறாகக் குறைத்தார். 1824-இல் அந்த முறைக்கு உருவம் கிடைத்தபோது அவருக்கு வயது 15. எத்தனை புள்ளி போதும் என்பது படிக்கும் விரலுக்குத்தான் தெரிந்தது.

தமிழில் மூன்று சொற்கள் ஏற்கெனவே புழங்குகின்றன. 'பங்கேற்பு வடிவமைப்பு' என்பதில் எனக்கு ஒரு நெருடல்: விழாவை இன்னொருவர் நடத்துவார், நாம் போய்ப் பங்கேற்போம். 'இணை' நல்ல சொல், சமம் என்ற பொருளும் உண்டு. ஆனால் இணை இயக்குநர், இணை ஆணையர் என்று அலுவலகம் அதை இரண்டாம் படிக்கு இறக்கிவிட்டது. 'கூட்டு வடிவமைப்பு' தவறில்லை. இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பாலம் கட்டினாலும் அது கூட்டு வடிவமைப்புதான். பயன்படுத்துபவர் உள்ளே இருந்தாரா என்பது அதில் தெரியாது.

நான் எடுத்துக்கொண்டது 'உடன்'. உடன்பிறப்பு, உடன்கட்டை, உடன்படிக்கை என்று வாழ்விலும் சாவிலும் ஒப்பந்தத்திலும் கூடவே வரும் சொல். அதற்கு இன்னொரு முகம் உண்டு: 'உடனே'. கூட இருப்பதையும் அதே நேரத்தில் இருப்பதையும் தமிழ் ஒரே சொல்லால் சொல்கிறது. கருவியைச் செய்து முடித்துவிட்டு, கடைசியில் நாலு மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினால் அது உடன் ஆகாது. 890-ஆம் குறளில் 'உடம்பாடு' என்று வருவது நம் உடன்பாடுதான். மனம் ஒத்துப்போகாதவரோடு வாழ்வது, ஒரு குடிசைக்குள் பாம்போடு உடனுறைவது போன்றது என்கிறது அது. உடனுறைதலும் உடன்பாடும் ஒரே குறளில், ஆனால் வேறு வேறாக. மாற்றுத்திறனாளியை ஒரே அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பது முதலாவது. அவர் வேண்டாம் என்றால் வரைபடம் மாற வேண்டும், அது இரண்டாவது.

'வடிவமைப்பு' என்பதில் உள்ள 'அமை'யும் பார்க்க வேண்டியது. "நல்ல வீடு அமைஞ்சுது", "மாப்பிள்ளை நல்லா அமைஞ்சார்" என்கிறோமே, பொருந்தியது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒரு கருவி யாருக்குப் பொருந்த வேண்டுமோ அவர் இல்லாமல் அது அமையுமா?

இந்தக் கருத்தை முழக்கமாக உலகம் அறிந்ததில் தென்னாப்பிரிக்காவுக்குப் பங்குண்டு. 1984-இல் இங்கே மாற்றுத்திறனாளிகள் தாங்களே தொடங்கிய அமைப்பின் தலைவர்களாக இருந்தவர்கள் மைக்கேல் மசூத்தா, வில்லியம் ரோலண்ட். இருவரும் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். 'நத்திங் அபவுட் அஸ் வித்தவுட் அஸ்' என்று அவர்கள் சொல்ல, 1993-இல் தாம் கேட்டதாக அமெரிக்கரான ஜேம்ஸ் சார்ல்டன் எழுதியிருக்கிறார். அவர்கள் அதை ஒரு பன்னாட்டு மாநாட்டில் கிழக்கு ஐரோப்பியர் ஒருவரிடம் கேட்டிருந்தார்கள். 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு, சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது அவர்களை நெருங்கிக் கலந்து ஈடுபடுத்த வேண்டும் என்கிறது. துணைக்கருவி ஆராய்ச்சியை வளர்க்கும் கடமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா 2007-இல் அதை உறுதிசெய்தது.

அந்த முழக்கத்தைத் தமிழாக்கும்போது ஆங்கிலம் கேட்காத ஒரு கேள்வியைத் தமிழ் கேட்கிறது: அந்த 'அஸ்' எங்களா, நம்மா? அரசை நோக்கிச் சொல்லும்போது 'எங்களை விட்டுவிட்டு எங்களுக்கென்று எதுவும் வேண்டாம்'. எதிரே இருப்பவர் வெளியே நிற்கிறார். பொறியாளரும் மாற்றுத்திறனாளியும் ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்த பிறகும் 'நாங்கள்' என்றே பேச வேண்டியிருந்தால், எங்கோ பிசகிவிட்டது. "நாம இத மாத்தணும்" என்ற பேச்சு வருகிற இடத்தில் உடன்வடிவமைப்பு நடக்கிறது. பெரியம்மாவும் நானும் ட்யூப் சுற்றியபோது அப்படித்தான் பேசினோம்.

வினையாக 'உடன்வடிவமைத்தல்', ஆளைக் குறிக்க 'உடன்வடிவமைப்பாளர்'. ஆராய்ச்சியில் கூட வருபவர் 'உடனாய்வாளர்'. 'ஆய்வுக்கு உட்பட்டவர்' என்று அவரை எழுதக் கூடாது. உடனாய்வாளர் என்று எழுதினால் அவருக்குச் சம்பளம் உண்டு, கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவர் பெயரும் உண்டு. படிவம் கொடுத்து ஆம், இல்லை வாங்கிப் போவதற்கும் தமிழில் சொல் இருக்கிறது: கருத்துக் கேட்பு. அங்கே அதையே எழுதுங்கள்.