துரு எங்கே தின்கிறது?

பழைய கார் ஒன்றை வீட்டிலேயே சீர்செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "துருவைத் தேய்த்து, பட்டி போட்டு, பெயிண்டும் அடித்தேன். சில மாதங்களில் கதவின் கீழ்விளிம்பில் அதே இடத்தில் கொப்புளம் வருகிறது. ஏன்?"

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. இது பள்ளிப் பாடம். அதனால் காற்று நன்றாகப் படும் இடத்தில்தான் இரும்பு அதிகம் அரிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் இதை ஒரு சொட்டு உப்புநீரில் காட்டினார். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் அந்தச் சொட்டு. அதில் இரண்டு நிறங்காட்டிகள்: இரும்பு கரைகிற இடத்தை நீலமாகக் காட்டுவது ஒன்று, காரம் உண்டாகிற இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்டுவது இன்னொன்று. முதலில் இரண்டு நிறமும் அங்கங்கே புள்ளிபுள்ளியாகத் தோன்றும். நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீரத் தீர, அவை இடம் பிரிந்துகொள்ளும். நடுவில் நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு.

ஓரத்தில் நீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்துசேர்கிறது. அது எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாகிறது, இளஞ்சிவப்பு காட்டும் காரம் இதுதான். அந்த எலெக்ட்ரான்களைத் தருவது, ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி இரும்பு. தகடே மின்கம்பியாக அவற்றைக் கடத்துகிறது. கொடுத்த இரும்பு அயனியாகி நீரில் கரைகிறது. ஆக, அரிபடுவது ஓர் இடம், துரு படிவது வேறோர் இடம். ஒரு சொட்டுக்குள் முழு மின்கலம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

இனி கதவுக்கு வருவோம். அடிமடிப்பில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். இடுக்கில் சேறும் ஈரமும் தங்கும். உள்ளே ஆக்சிஜன் குறைவு. அதுதான் சொட்டின் நடுப்பகுதி. வெளியே நாணயமளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே விரல் நுழையும் ஓட்டை இருக்கலாம். துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும், அதனால் மடிப்பையே நெம்பிப் பிளக்கும். காற்று படும் பக்கத்தில் உண்டாகும் காரம் பெயிண்டின் பிடிப்பைத் தளர்த்திவிடும். வாசகர் தேய்த்தது வெளிப்பக்கத்தை. மின்கலம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது.

காரில் மாட்டினால் துருவே பிடிக்காது என்று சில மின்னணுப் பெட்டிகள் விற்கிறார்கள். மின்சாரம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் உத்தி இது. கப்பலின் அடிப்பகுதிக்கும் மண்ணில் புதைந்த குழாய்க்கும் இது பலிக்கும், சுற்றிலும் மின்சாரம் கடத்தும் நீரோ ஈரமண்ணோ இருப்பதால். காற்றில் நிற்கும் காரில் அந்தச் சுற்று முழுமையாகாது. அறிவியல் பெயர் பூசிய மூடநம்பிக்கை என்றே இதைச் சொல்வேன். அந்தக் காசுக்கு நல்ல பிரைமர் வாங்குங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஸ்க்ரூடிரைவரால் மடிப்பை அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு வெல்டிங் செய்வதுதான் வழி. பட்டி ஈரத்தை உறிஞ்சும், ஓட்டையை அடைக்க ஆகாது. தகடு உறுதியாக இருந்தால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், முகக்கவசம் கட்டாயம். குழிகளில் மிஞ்சும் துருவைப் பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிவிடும். கழுவி, நன்றாகக் காயவைத்து, தாமதிக்காமல் எபாக்சி பிரைமர். அப்புறம் மடிப்புக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். கதவின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். மெழுகு அவற்றை அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.