கண்ணில் படாததெல்லாம் குறைந்துவிட்டதா?

"ஆவுளியா (கடல்பசு) இப்பவும் இருக்கா?" என்று பாம்பன் பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டால், "அந்தக் காலத்துல மந்தை மந்தையா மேயும், இப்ப எங்க தம்பி" என்பார். பேரனோ கைப்பேசியை எடுத்து யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டுவான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே கண்ணில் பட்ட கணக்கு. கடலுக்குள் எத்தனை இருக்கின்றன, அது பத்து வருஷத்தில் கூடியதா குறைந்ததா என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போடுவதில் இன்று முன்னால் நிற்பவர்கள் கூன்முதுகுத் திமிங்கலத்தின் பின்னால் சுற்றும் ஆய்வாளர்கள்தான். திமிங்கலமே அவர்களுக்கு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. 13 முதல் 15 மீட்டர் வரை வளரும் இந்தப் பிராணி, ஆழத்துக்கு முங்கும் முன் முதுகை வளைத்து வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கும். ஓரிரு நொடிக்கு வாலின் அடிப்பக்கம் தெரியும். சிலவற்றுக்கு அது முழுக்கக் கறுப்பு, சிலவற்றுக்குப் பெரும்பகுதி வெள்ளை, மற்றவற்றுக்கு இரண்டும் கலந்த திட்டுகள். வாலின் ஓரம் ரம்பம் போல ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். ஓர்கா என்னும் கொலைகாரத் திமிங்கலம் கடித்த இணைகோட்டுத் தழும்பு, படகடியில் ஒட்டுகிற கொட்டலசு விட்டுப்போன வட்ட வடு, வலைக்கயிறு அறுத்த கோடு என்று வயது ஏற ஏற அடையாளங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒன்றின் வால் மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. ஆக, ஒரு நல்ல புகைப்படம் போதும்.

சரி, புகைப்படத்தை வைத்து மொத்த எண்ணிக்கைக்கு எப்படிப் போவது? ஊர் ஊருணியில் எத்தனை கெண்டை இருக்கிறது என்று தெரிய வேண்டும், தண்ணீரை வற்ற விடவும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீனைப் பிடித்து, துடுப்பில் சிவப்பு நூல் கட்டி விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து 40 மீன் பிடித்துப் பாருங்கள். அதில் 10 மீனுக்கு நூல் இருந்தால், பிடித்ததில் கால் பங்கு நூல் கட்டியவை. ஊருணி முழுக்க அதே விகிதம்தான் என்றால், 50 என்பது மொத்தத்தில் கால் பங்கு. அப்படியானால் 200 மீன். திமிங்கலத்துக்கு நூல் கட்ட வேண்டியதில்லை, வால் படமே நூல்.

கணக்கு இவ்வளவு எளிது. தவறு நுழைவதும் இங்கேதான். குட்டியோடு இருக்கும் தாய் அவ்வளவாக வால் தூக்காது. குட்டிகளின் வால் கோலம் முதல் சில வருஷங்களில் மாறும். சுற்றுலாப் படகு போகிற இடத்தில் மட்டுமே படம் எடுத்தால், அங்கே வந்து பழகிய திமிங்கலங்களே திரும்பத் திரும்ப விழும். மொத்தம் உண்மையைவிடக் குறைவாக வரும். ஒவ்வொன்றையும் சரிக்கட்டப் புள்ளியியல் வழி இருக்கிறது. ஆனாலும் பெருங்கடல் முழுக்கப் பரவலாக, வருஷக்கணக்கில் எடுத்த படங்கள் கையில் இருப்பதற்கு ஈடாக எதுவும் கிடையாது. 2015-இல் தொடங்கிய ஹேப்பிவேல் இணையதளம் அதைச் செய்தது. சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களும் ஆய்வாளர்களின் படங்களும் ஒரே இடத்தில் குவிய, எந்த வால் யாருடையது என்று கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறது.

அதன் பலன் 2024-இல் வெளியானது. வட பசிபிக்கில் 1966-இல் வேட்டை தடை செய்யப்பட்டபோது ஆயிரத்துச் சொச்சமே மிஞ்சியிருந்த கூன்முதுகுத் திமிங்கலங்கள், 2012-இல் சுமார் 33,500 ஆகப் பெருகியிருந்தன. 2021-இல் அது சுமார் 26,700. ஒன்பது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணோம். வேட்டையாடியவர் யாருமில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருவது. இவை குளிர்காலத்தில் கூடும் ஹவாயில் மட்டும் எண்ணியிருந்தால், "வேறு கடலுக்குப் போயிருக்கும்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். கடல் முழுக்கப் படங்கள் இருந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை. இன்னொரு சந்தேகம்: பெருகிப் பெருகி, கடல் தாங்கும் எல்லையைத் தொட்டுவிட்டதோ? அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் என்றால் எண்ணிக்கை ஓரிடத்தில் நிற்க வேண்டும், இப்படிச் சரியக் கூடாது. சரிவு வந்த காலமோ 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கை வாட்டிய கடல் வெப்ப அலையை ஒட்டி வருகிறது. மேல்நீர் சூடாகி லேசானால் அடியில் இருக்கும் குளிர்ந்த சத்து நீர் மேலே ஏறாது. நுண்பாசி குறையும், கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிர் குறையும், சிறுமீன் குறையும். கோடையில் அலாஸ்கா பக்கம் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் தாய்த் திமிங்கலம் குளிர்காலம் முழுக்க ஹவாயில் பட்டினி கிடந்து குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. கொழுப்பு சேரவில்லை என்றால் குட்டி நிற்காது. 2013-க்கும் 2018-க்கும் இடையில் ஹவாயின் ஒரு முக்கிய நீரிணையில் தாயும் குட்டியும் கண்ணில் படும் விகிதம் முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. இப்படித் தனித்தனி சாட்சிகள் ஒரே பக்கம் கை காட்டினால்தான் காரணம் என்று ஒன்றைச் சொல்லலாம்.

நம் பக்கத்துக் கதை வேறு. அரபிக்கடலில் வாழும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் மற்றவை போல துருவம் நோக்கி வலசை போவதில்லை. வருஷம் முழுக்க வெப்பக் கடலிலேயே கிடப்பவை. 1965-66-இல் சோவியத் கப்பல்கள் இந்தக் கடலில் 242-ஐச் சட்டவிரோதமாகக் கொன்றன. ஓமன் கரையில் வால் படங்களை வைத்துப் போட்ட கணக்கில் சுமார் 82 மட்டுமே வந்தது. அதில் ஒன்று லுபான் என்று பெயரிடப்பட்ட பெண். 2017-இல் ஓமனில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட அது, கடலைக் குறுக்கே கடந்து தென்னிந்தியக் கரைப் பக்கம் வந்து போனது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் வலையில் ஒன்று மாட்டினாலும், கப்பலில் ஒன்று மோதினாலும் அது கணக்கில் தெரியும் இழப்பு.

இனி ஆவுளியா, அதாவது கடல்பசு. இதற்கு வால் தூக்கும் பழக்கம் கிடையாது. மூச்சு விட மூக்கு நுனியை மட்டும் மேலே நீட்டி, அடுத்த நொடி உள்ளே போய்விடும். பாக் நீரிணையின் கலங்கல் தண்ணீரில் மேலே இருந்து பார்த்தாலும் எல்லாம் தெரியாது. அதனால் விமானத்திலோ டிரோனிலோ எண்ணும்போது இரண்டு திருத்தம் போடுகிறார்கள்: அந்த நேரம் தண்ணீருக்கு அடியில் இருந்தவை எத்தனை, மேலே இருந்தும் எண்ணுபவர் கண் தவறவிட்டவை எத்தனை. இரண்டுமே மதிப்பீடு. ஆகவே கிடைக்கும் எண்ணில் பிழை தாராளமாக இருக்கும்.

இது ஏன் கவலை? கூன்முதுகுத் திமிங்கலம் சாதகமான காலத்தில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை பெருகக்கூடியது. கடல்பசு 13 மாதத்துக்குக் குறையாமல் சுமந்து, மூன்று முதல் ஏழு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். எல்லாம் கூடி வந்தாலும் வருஷத்துக்கு ஐந்து சதவீதத்தைத் தாண்டுவது கடினம். வருஷத்துக்கு ஐந்து சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். ஐந்து வருஷத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். கணக்கெடுப்பின் பிழையும் கால் பங்கு என்றால், அந்த ஐந்து வருஷமும் "மாற்றம் ஒன்றுமில்லை" என்றே அறிக்கை வரும்.

அதனால் மண்டபம் பக்கம் கரை ஒதுங்கும் உடல்களுக்கு மதிப்பு அதிகம். இதையும் அப்படியே எண்ணிவிட முடியாது. கச்சானா, வாடையா, எந்தக் காற்று அடிக்கிறது என்பதைப் பொறுத்து உடல் நம் கரைக்கு வரும், இல்லையென்றால் இலங்கைக் கரைக்குப் போகும். போதாக்குறைக்கு இப்போது எல்லார் கையிலும் கேமரா. முன்பு யாரும் பார்க்காமல் அழுகியதெல்லாம் இன்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஒதுங்கியது அதிகம் என்பதாலேயே செத்தது அதிகம் என்று ஆகாது.

ஆனால் அதிகம் அழுகாத உடல் பெரும்பாலும் தன் சாவுக்கான காரணத்தைச் சொல்லும். கடல்பசுவின் தந்தப் பல்லை அறுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு ஒரு வளையமாக வயது தெரியும். வயிறு நிறையக் கடற்புல், தோலில் திருக்கை வலையின் கயிற்றுத் தடம், நடுத்தர வயது என்றால், வலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்தது. மெலிந்து, வயிறு காலியாக இருந்தால் மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் வகை மிகுந்தால் வலை போடும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவது பற்றி மீனவர்களோடு பேச வேண்டும். இரண்டாம் வகை என்றால் புல்வெளியை உழுதுபோடும் இழுவைமடியைத் தடுக்க வேண்டும். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்ட கடல்பசுப் பாதுகாப்பகத்துக்கும், அதற்குத் தெற்கே நம் கரைக்கும் இந்த இரண்டு வேலையும் ஒன்றல்ல.