குவாரண்டைன்: நாற்பது நாள் கணக்கும் நம்முடைய ‘தனிமைப்படுத்த’லும்

‘குவாரண்டைன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நோயும் இல்லை, தனிமையும் இல்லை. வெறும் எண்தான் இருக்கிறது. இத்தாலிய மொழியில் ‘குவாரந்தா’ என்றால் நாற்பது. வெனிஸ் நகரத்தார் நாற்பது நாள் கொண்ட காலத்தைக் ‘குவாரந்தேனா’ என்றார்கள். நோய் பரவிய இடங்களிலிருந்து வரும் கப்பலும் ஆட்களும் சரக்கும் அத்தனை நாள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதிக்கு அந்த எண்ணே பெயராகிவிட்டது.

தொடக்கக் கணக்கு முப்பதுதான். இன்று குரோவேஷியாவில் டுப்ரோவ்னிக் என்று வழங்கும் ரகூசா நகரம், 1377-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் அருகிலிருந்த மர்க்கான் தீவிலோ சாவ்தாத் என்ற சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் கால் வைக்கலாம். இந்த முப்பது பின்னர் நாற்பதாக நீண்டது. கிறித்தவர்களின் நாற்பது நாள் தவக்காலம் அதற்குக் காரணம் என்பார் உண்டு. கடும் நோய் எதுவும் நாற்பது நாளுக்குள் வெளிப்பட்டுவிடும் என்ற பண்டைய கிரேக்க மருத்துவக் கொள்கையைக் காட்டுவாரும் உண்டு. பிளேக் பெரும்பாலும் தொற்றிய ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும் நோய். அதற்கு நாற்பது நாள் மிகை. ஆனால் கிருமி என்ற எண்ணமே பிறக்காத காலத்தில், எத்தனை நாள் காத்திருந்தால் போதும் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

வெனிஸ் அடுத்துச் செய்ததுதான் கூர்ந்து பார்க்க வேண்டியது. 1423-இல் அது ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கென மருத்துவமனை அமைத்தது. 1468-இல் இன்னொரு தீவை ஏற்பாடு செய்தது. அது நோயாளிகளுக்கானது அல்ல. நோய் இருக்குமோ என்று ஐயப்பட்ட கப்பல்களுக்கும் அவற்றில் வந்தவர்களுக்குமானது. முதல் தீவு ‘பழைய லாசரெட்டோ’, இரண்டாவது ‘புதிய லாசரெட்டோ’ என்று பெயர் பெற்றன. நோயுற்றவரையும் நோய் தொற்றியிருக்கக்கூடியவரையும் ஒரே இடத்தில் வைத்தால், தொற்றாதவருக்கும் தொற்றிவிடும். கிருமியை அறியாதவர்களுக்கும் இது தெரிந்திருந்தது.

இன்றைய பொதுச் சுகாதாரத் துறையிலும் இதே பிரிவினை இருக்கிறது. நோய் உறுதியானவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பது ‘ஐசொலேஷன்’. நோயாளியோடு பழகிய, இப்போதைக்கு நலமாக இருக்கும் ஒருவரைக் குறிப்பிட்ட காலம் பிறரோடு கலக்காமல் வைத்துக் கண்காணிப்பது ‘குவாரண்டைன்’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஐசொலேஷன்’ என்ற சொல், தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. 

தமிழில் இரண்டையும் ‘தனிமைப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டோம். கொரோனா பெருந்தொற்றுக் காலத்துச் செய்திகளில் நோயாளியும் தனிமைப்படுத்தப்பட்டார், அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவரும் தனிமைப்படுத்தப்பட்டார். படிக்கிறவருக்கு இருவரும் நோயாளிகளாகவே தெரிவார்கள். ‘அந்த வீட்டைத் தனிமைப்படுத்திவிட்டார்கள்’ என்ற பேச்சு, ‘அந்த வீட்டில் நோய்’ என்று காதுக்குக் காது மாறிவிட அதிக நேரம் ஆகாது. அந்தப் பழிக்கு அஞ்சுகிறவர், தான் யாரோடு பழகினேன் என்பதை மறைக்கத் தொடங்குவார். தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை அங்கேயே முடங்கும்.

நாள் கணக்கிலும் இதே குழப்பம்தான். கோவிட்-19 தொற்றியவருக்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அறிகுறி தோன்றும். சிலருக்குப் பதினான்கு நாள் வரை ஆகலாம். 2020-இல் உலக நலவாழ்வு அமைப்பு சொன்ன 14 நாள் இப்படி வந்ததே. ஒருவர் நோயாளியைக் கடைசியாகச் சந்தித்தது திங்கட்கிழமை என்றால், அவருடைய கணக்கு அந்தத் திங்களிலிருந்து ஓடும். புதன்கிழமை பரிசோதனையில் ‘தொற்று இல்லை’ என்று வந்தாலும் கணக்கு முடிந்துவிடாது; கிருமி அப்போதுதான் பெருகத் தொடங்கியிருக்கலாம். நோயாளிக்கோ கணக்கு வேறு: அது அறிகுறி தோன்றிய நாளிலிருந்து தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு கணக்கு ஓடினால் மக்கள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

நலமானவர்தான் குவாரண்டைனில் இருப்பார் என்பதற்கு 1969-ஐவிட நல்ல சான்று கிடையாது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்கள் மூவருக்கும் எந்த நோயும் இல்லை. நிலவில் கிருமி இருந்து, அது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்வது என்ற ஐயம் மட்டுமே. நிலவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 21 நாள் கணக்கிட்டு அடைத்து வைத்தார்கள். அமெரிக்க அதிபர் நிக்சன், கடலில் இறங்கிய அவர்களை மீட்ட விமானந்தாங்கிக் கப்பலுக்கே போய், கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றபடி அவர்களை வரவேற்றார். மாறாக, நியூயார்க்கின் சமையற்காரர் மேரி மெல்லனைக் ‘குவாரண்டைனில் வைக்கப்பட்டவர்’ என்று சொல்வது பிழை. அவருக்கு அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் உடலில் டைபாய்டு கிருமி இருப்பது உறுதியாகியிருந்தது. 1907 முதல் 1910 வரையிலும், பிறகு 1915 முதல் 1938-இல் இறக்கும் வரையிலும் அவர் ஒரு தீவில் வைக்கப்பட்டிருந்தது ஐசொலேஷன்.

சரியான தமிழ்ச்சொல் எது? ‘தொற்றொதுக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். செறிவான சொல்தான், எனக்குப் பிடிக்கவில்லை. ‘ஒதுக்கி வைத்தல்’ என்பதற்குத் தமிழில் இருக்கும் பழைய காயம் ஆறவில்லை. நலமாக இருக்கும் மனிதர்மேல் அதை ஏற்ற வேண்டாம். ‘தொற்றுத்தடைக் காப்பு’ பொருளில் சரி, நாவுக்கு நீளம். அதையே சுருக்கித் ‘தொற்றுக்காப்பு’ என்பதே என் தேர்வு. காப்பு என்பதில் பாதுகாப்பும் உண்டு, காவலும் உண்டு. குவாரண்டைனில் இரண்டுமே இருக்கின்றன. தொற்றைக் காப்பது என்று பொருள் கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். மீன்வலை மீனைப் பிடிக்க, கொசுவலை கொசுவைத் தடுக்க. வழக்கில் வந்துவிட்டால் பொருள் தானாகத் தெளியும்.

‘தனிமைப்படுத்தல்’ என்பதை நோயாளிகளுக்கு மட்டும், அதாவது ஐசொலேஷனுக்கு, விட்டுவிடலாம். ஊரையே முடக்குவதற்குப் ‘பொதுமுடக்கம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தொற்றுக்காப்பு என்று எழுதும் இடத்தில் நாளையும் சேர்த்து எழுதுவது நல்லது. ‘இவர் தனிமைப்படுத்தப்பட்டுள்ளார்’ என்பதற்குப் பதில் ‘இவர் 20-ஆம் தேதி வரை தொற்றுக்காப்பில் இருக்கிறார்’ என்று எழுதினால், அவர் நோயாளி அல்லர் என்பதும் எப்போது வெளியே வருவார் என்பதும் ஒரே வரியில் விளங்கும்.